பீன்யாவில் மேசைப் போர் ஆடும் நண்பர்களுக்கு: கவாத்திலிருந்து தொடங்குங்கள்

பீன்யாத் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பழைய போர்களை ஆடத் தொடங்கியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,



பீன்யா ஸ்டேஷனில் பச்சை லைன் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கலாம். மேலே வந்தால், பெங்களூர்க் கோட்டையில் இன்று மிஞ்சியிருக்கும் டெல்லி வாசல் நடக்கும் தூரத்தில் நிற்கிறது. 1791 மார்ச் 21 இரவு, பீரங்கிகள் அந்தக் கோட்டைச் சுவரில் போட்ட உடைப்பின் வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவின் படை உள்ளே ஏறியது. மைசூரின் திப்பு சுல்தானுக்காகக் கோட்டையைக் காத்த கில்லேதார் பகதூர் கான் அந்தச் சண்டையிலேயே உயிர்விட்டார். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 7 அன்று, கோட்டைக்கு வடக்கே இருந்த பேட்டை விழுந்திருந்தது. பேட்டை வாசலில் மதராஸ் பீரங்கிப்படையின் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ் சுடப்பட்டு இறந்தார். நீங்கள் ஸ்பேர் பார்ட்டும் டூலும் வாங்கப் போகும் எஸ்.பி. ரோடு, எஸ்.ஜே.பி. ரோடு பக்கமெல்லாம் அந்தக் களத்தின் மேலும் அதை ஒட்டியும்தான் இருக்கின்றன.

வார்கேமுக்குப் புதிதாக வருபவர்கள் வாட்டர்லூவில் தொடங்குவது வழக்கம். பெட்டியில் அடைத்த பொம்மைகளும் அச்சிட்ட விதிப்புத்தகங்களும் அதற்குத்தான் சுலபமாகக் கிடைக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெங்களூரில் இருந்துகொண்டு, மதராஸ் சிப்பாயும் மைசூர்ச் சிப்பாயும் எப்படி அணிவகுத்தார்கள், எத்தனை பேர் ஒரு கம்பெனி, யார் யாருக்குக் கட்டளை கொடுத்தார்கள் என்பதைக் கற்காமல் விடுவது பெரிய இழப்பு. இந்த மடல் அதற்காகவே எழுதப்படுகிறது.

உங்களிடம் கைத்திறமை இருக்கிறது. டை காஸ்டிங், டூல் ரூம், சிஎன்சி என்று நாள்முழுக்க உலோகத்தோடு பழகுகிறவர்கள் நீங்கள். வேறு ஊர்களில் காசு கொடுத்து வரவழைக்கும் பொம்மைச் சிப்பாயை நீங்களே அச்சு வெட்டி வார்த்துவிட முடியும். சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. வார்த்து, வண்ணம் பூசி, மேசையில் நிறுத்திய நாற்பது சிப்பாய்கள் ஒரு பட்டாலியனா, ஒரு கம்பெனியா, இரண்டுமில்லாத ஒரு கூட்டமா? டிராயிங் பார்க்காமல் எந்த ஜாபையும் மெஷினில் ஏற்றமாட்டீர்கள். படைக்கு டிராயிங் என்பது அதன் அமைப்பும் கவாத்தும்தான்.

கவாத்து என்றவுடன் குடியரசு தின அணிவகுப்பு நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டில் கவாத்து அணிவகுப்புக்காக ஏற்பட்டதல்ல. சண்டை போடும் முறையே அதுதான். அன்றைய மஸ்கட் துப்பாக்கியை முனைவழியாக மருந்தும் குண்டும் இட்டு, கம்பியால் இடித்து, பிறகுதான் சுட வேண்டும். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை சுடுவான். நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிபார்த்து அடிப்பது பெரும்பாலும் வீண். எனவே பலர் நெருங்கி நின்று ஒன்றாகச் சுட்டால்தான் பயன். எல்லாரும் ஒரே நேரத்தில் சுட்டுத் தீர்த்தாலோ அடுத்த இருபது முப்பது நொடிக்கு மொத்தப் பட்டாலியனும் வெறுங்கையாக நிற்கும். அதனால் பிளாட்டூன் பிளாட்டூனாக முறைவைத்துச் சுடப் பழக்கினார்கள். இதற்கெல்லாம் ஆயிரம் பேர் ஒரே குரலுக்கு ஒரே நொடியில் அசைய வேண்டும். அப்படி அசையும் உடலை உருவாக்கும் வேலைதான் கவாத்து.

இந்தச் சிந்தனை ஐரோப்பாவில் வேர்விட்டது 1590களில். நெதர்லாந்தின் நாசாவ் குடும்பத்து இளவரசர்கள் பழைய கிரேக்க, ரோமானியப் போர் நூல்களைப் படித்து, முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மருந்திடும் முறையைத் தங்கள் படைக்குப் பழக்கினார்கள். 1607இல் யாகோப் டெ கெய்ன் என்ற ஓவியர், துப்பாக்கியைக் கையாளும் ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக வரைந்து புத்தகமாக்கினார். இன்று ஒரு மெஷினுக்கு ஆபரேஷன் சீட் எழுதுகிறவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் வியந்துபோவார். ஒரு செயலை எத்தனை சிறு அசைவுகளாகப் பிரிக்கலாம் என்பதை அவ்வளவு பொறுமையாக யோசித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கவாத்தின் வலிமை வெளிப்பட்ட இடம் சென்னை அடையாறு. 1746இல், ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் மகன் மாபூஸ் கான் சுமார் பத்தாயிரம் பேருடன் ஆற்றங்கரையில் வழிமறித்து நின்றார். எதிரே பிரெஞ்சுக்காரர்களின் படை. பாரடிஸ் என்ற அதிகாரியின் கீழ், அவர்கள் பழக்கிய இந்தியச் சிப்பாய்களையும் சேர்த்து, சுமார் ஆயிரம் பேர். அவர்கள் ஆற்றைக் கடந்து, வரிசை குலையாமல் சுட்டு, துப்பாக்கிமுனை ஈட்டியுடன் முன்னேறினார்கள். நவாபின் படை கலைந்து ஓடியது. ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் உட்கார்ந்து தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்து அரசியலை ஒரு தமிழரின் கண்வழியே பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்குறிப்பை விட்டுவிடக் கூடாது.

அடையாற்றிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளாதவர்கள் யாருமில்லை. 1748இல் வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையை ஒழுங்குபடுத்தினார். 1758இல் சிப்பாய்கள் பட்டாலியன்களாகத் திரட்டப்பட்டார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த யூசுப் கான் அந்தச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்தார். 1764இல் அதே கம்பெனியின் படையிடம் பிடிபட்டு, ஆற்காட்டு நவாபின் ஆணையால் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். மைசூரில் ஹைதர் அலி பிரெஞ்சு அதிகாரிகளை வைத்துத் தன் காலாட்படைக்குக் கவாத்து பழக்கினார். ஒரு தலைமுறைக்குள் தென்னிந்தியாவின் இரு பக்கமும் கவாத்து பழகிய படைகள் நின்றன. பெங்களூர்ப் பேட்டையில் மோதியவை அவைதான்.

இனி கணக்கு. உங்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று நம்பிக்கை.

டேவிட் டண்டாஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1788இல் கவாத்து நூல் ஒன்றை வெளியிட்டார். 1792இல் அதன் அடிப்படையில் பிரிட்டிஷ் படைக்கே பொதுவிதி வந்தது. பெங்களூர் முற்றுகைக்கு ஓராண்டு பிந்திய விதிதான். ஆனாலும் மனிதனின் காலும் தோளும் அந்த ஓராண்டில் மாறிவிடவில்லை. கணக்குக்கு இது போதும். முழங்கை முழங்கையைத் தொட நிற்கும் ஒரு சிப்பாய்க்கு 22 அங்குலம், அதாவது சுமார் 56 சென்டிமீட்டர் இடம். ஓர் எட்டு 30 அங்குலம். சாதாரண நடை நிமிடத்துக்கு 75 எட்டு. விரைவு நடை 108. அணியைச் சுழற்றும்போது 120. விதி மூன்று வரிசை ஆழம் என்று சொன்னது. இந்தியாவில் இரண்டு வரிசையாக நிற்பதும் நடைமுறையில் இருந்தது.

நூறு பேர் கொண்ட ஒரு கம்பெனியை இரண்டு வரிசையில் நிறுத்துங்கள். முன்னால் ஐம்பது பேர். அகலம் 28 மீட்டர். எட்டுக் கம்பெனி சேர்ந்த பட்டாலியன் முழுக்க விரிந்து நின்றால் 224 மீட்டர். மேசையில் ஒரு மில்லிமீட்டர் ஒரு மீட்டர் என்று வைத்தால் பட்டாலியனின் அகலம் 22 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு பொம்மை இருபது ஆளுக்குச் சமம் என்றால் நாற்பது பொம்மை. முன்பு கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: உங்கள் நாற்பது பொம்மைகள் ஒரு பட்டாலியன் ஆகலாம், ஆனால் அவை நிற்கும் அகலம் 22 சென்டிமீட்டராக இருந்தால் மட்டுமே. பொம்மையின் உயரத்தைப் பார்த்து அடித்தட்டு வெட்டினால் கணக்கு கெட்டுவிடும். முதலில் அகலத்தைத் தீர்மானித்து, அதற்குள் எத்தனை பொம்மை அடங்குமோ அத்தனை வையுங்கள்.

இப்போது இந்தப் பட்டாலியன் நடக்கட்டும். சாதாரண நடையில் நிமிடத்துக்கு 57 மீட்டர். விரைவு நடையில் 82. எதிரியை நெருங்கும் கடைசி நூறு மீட்டரைச் சாதாரண நடையில் கடக்க ஒன்றே முக்கால் நிமிடம். அதற்குள் எதிரில் நிற்கும் சிப்பாய் மூன்று முதல் ஐந்து முறை சுட்டுவிடுவான். இந்த ஓர் எண்ணிலிருந்தே உங்கள் விதிகளில் பாதி பிறந்துவிடும். துப்பாக்கிக்கு எத்தனை பகடை, ஒரு முறை ஆட்டத்தில் எத்தனை சென்டிமீட்டர் நகரலாம், ஓடிப்போய்ப் பாய்வதா, நின்று சுடுவதா என்பதையெல்லாம் யாரோ எழுதிய அட்டவணையில் தேட வேண்டியதில்லை.

அமைப்பு தெரிந்தால் இன்னொன்றும் பிடிபடும். பட்டாலியன் சாலையில் போவது நெடுவரிசையாக, கம்பெனிக்குப் பின் கம்பெனியாக. சண்டை வந்தால் அகல வரிசையாக விரிய வேண்டும். கம்பெனிகளுக்கு இடையே முழு இடைவெளி விட்டு வந்திருந்தால், எட்டுக் கம்பெனியும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் சுழலலாம்: ஒரு முனை ஆள் நின்ற இடத்தில் திரும்ப, மறுமுனை ஆள் கால்வட்டம், அதாவது 44 மீட்டர், நடக்கிறான். சுழற்சி நடையில் அதற்கு அரை நிமிடம். பட்டாலியன் தயார், ஆனால் அது நடந்துகொண்டிருந்த திசைக்குப் பக்கவாட்டில்தான் முகம் காட்டும். நெருக்கி வந்த நெடுவரிசையாக இருந்து, நேர் முன்னால் விரிய வேண்டும் என்றால், கடைசிக் கம்பெனி ஏழு கம்பெனி அகலம், 196 மீட்டர், பக்கவாட்டில் போய்ச் சேர வேண்டும். விரைவு நடையிலும் இரண்டரை நிமிடம் ஆகும். எந்த நெடுவரிசையில் போவது, எப்போது விரிவது என்பது தளபதியின் பெரிய முடிவாக இருந்ததற்கு இதுவே காரணம். ஆட்டத்தில் சிப்பாய்களை ஒரே கையால் அள்ளி வரிசையாக வைத்துவிட்டால் அந்த முடிவே காணாமல் போகிறது.

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கி அதிகாரி 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் ஆட்டம் இன்றைய வார்கேம்களுக்கெல்லாம் மூதாதை. 1:8000 அளவு வரைபடம். அந்த அளவுக்கே வெட்டிய படைக் கட்டைகள். ஒரு முறைக்கு இரண்டு நிமிடம். முடிவு சொல்ல ஒரு நடுவர். கவாத்துக் கணக்கின் மேல்தான் அவர் அதைக் கட்டினார். படைத்தலைமை அதிகாரி மியூஃப்லிங் அதைப் பார்த்துவிட்டு, இது பொழுதுபோக்கு அல்ல, போருக்கான பயிற்சி என்று பாராட்டி, எல்லா ரெஜிமெண்ட்டுக்கும் பரிந்துரைத்தார். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் ரைஸ்விட்ஸ் ஏன் இரண்டு நிமிடத்தைத் தேர்ந்தார் என்பது ஓரளவு புரியும். ஒரு பட்டாலியன் கவனிக்கத்தக்க ஒரு காரியத்தைச் செய்துமுடிக்க ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

மைசூர்ப் பக்கம் வருவோம். ஹைதரின் மகன் திப்பு சுல்தான் தன் படைக்கென்றே 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்ற கவாத்து நூலை எழுதுவித்தார். எழுதியவர் ஜைனுல் ஆபிதீன் சுஷ்தரி. கட்டளைச் சொற்கள் பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் மாற்றப்பட்டன. நிரந்தரக் காலாட்படை 'ஜைஷ்'. அதன் அடிப்படைப் பிரிவு குஷூன். குஷூனுக்குத் தலைவர் சிபாதார்; அதனுள் நான்கு ரிசாலா, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசால்தார்; ரிசாலாவுக்குள் ஜௌக்குகள், அவற்றுக்கு ஜௌக்தார்; அதற்கும் கீழே சர்கேல், ஜமேதார், தஃபேதார். 1793 கணக்கில் 27 குஷூன்கள் இருந்தன. ஒரு குஷூனில் 1,392 பேர். அவர்களில் மஸ்கட் ஏந்தியவர்கள் 1,056.

அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள 336 பேரைக் கவனியுங்கள். கையில் மஸ்கட் இல்லாத அவர்களும் அந்தக் குஷூனின் ஆட்கள்தான். குஷூனோடு சிறு பீரங்கிகளும் ராக்கெட்காரர்களும் சேர்ந்தே போவார்கள். வெறும் தலையெண்ணி 1,392 பேருக்கும் சுடும் பகடை கொடுத்தால் மைசூருக்குச் சலுகை கொடுத்ததாகும். 'ஒழுங்கற்ற படை' என்று முத்திரை குத்தி மனவுறுதி எண்ணைக் குறைத்தால் அநியாயம் செய்ததாகும். இரண்டும் வேண்டாம். 1,056 துப்பாக்கி இரண்டு வரிசையில் நின்றால் 295 மீட்டர். மேசையில் முப்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மதராஸ் பட்டாலியனைவிட அகலமான, கனமான பிரிவு. அதைச் சுழற்றவும் திருப்பவும் கூடுதல் நேரம் பிடிக்கும். இந்த வேறுபாடு எண்ணிலிருந்து தானாக வருகிறது. எந்த இனத்துக்கும் எந்த நாட்டுக்கும் மதிப்பெண் போட வேண்டிய அவசியமில்லை.

மைசூரில் ஒழுங்குப்படை அல்லாதவர்களும் இருந்தார்கள். கோட்டை காவலுக்கு 'அஹ்ஷாம்', ஊர்ப்புறத்துக் கந்தாச்சாரப் பியூன்கள். இவர்களையும் ஜைஷையும் ஒன்றாகக் கலந்து ஒரே வண்ணம் பூசுவது சரியல்ல. திப்பு படையின் புலிவரிச் சட்டை எல்லாருக்கும் உரியதும் அல்ல.

இந்த நியாயம் உங்களுக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். உங்களில் பலர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட அந்தச் சீமை 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. வேலூர், ஆற்காடு, திருச்சி பக்கத்துக்காரர்கள் மதராஸ் பட்டாலியன்களில் இருந்தார்கள். தமிழ் பேசியவர்கள் அந்தப் போரின் இரு பக்கமும் நின்றார்கள். ஒரு மதராஸ் சுபேதாரும் ஒரு மைசூர் ஜௌக்தாரும் ஒரே கவனத்தோடு மேசையில் நிற்பதற்கு உரியவர்கள்.

கவாத்து எல்லாவற்றையும் வென்றுவிடாது என்பதற்கும் அருகிலேயே சான்று உண்டு. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் படை கவாத்து நன்றாகப் பழகிய படை. சதுரமாக அணிவகுத்து நெடுநேரம் தாக்குப்பிடித்தது. ஹைதரும் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்ரோவின் பெரும்படை வந்து சேரவில்லை. சரணடைந்த பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1782இல் இறந்தார். அங்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போர் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். நடுவில் சதுரமும், பல்லக்கில் பெய்லியும், வெடிக்கும் வண்டியும் தெரியும். காலாட்களை எவ்வளவு நேர்வரிசையாக ஓவியர் நிறுத்தியிருக்கிறார் என்பதையும் பாருங்கள். உங்கள் ஆட்டத்தில் வெடிமருந்து வண்டிக்கு ஒரு பொம்மையும் ஒரு விதியும் இல்லையென்றால், பொள்ளிலூரை ஆடவே முடியாது.

இரவு நடையும் அப்படித்தான். 1791 மே 14 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே திப்புவை எதிர்பாராமல் தாக்கக் காரன்வாலிஸ் புறப்பட்டார். இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, பிரிவுகள் ஒன்றையொன்று தொலைத்தன, விடிந்துவிட்டது, தாக்குதல் ரகசியமாக இல்லாமல் போயிற்று. மறு ஆண்டு பிப்ரவரி 6 இரவில் மூன்று நெடுவரிசைகளாகப் போனபோதும், வலப்பக்க நெடுவரிசையை நடத்திய ஜெனரல் மெடோஸ் ஈத்கா காவலரணைப் பிடித்தபின் வழி தவறி, விடியும்போது கரிகட்டா மலைப்பக்கம் போய் நின்றார். அந்தத் தாக்குதல் வென்றதுதான். ஆனால் படையில் மூன்றில் ஒரு பகுதி தளபதி நினைத்த இடத்தில் இல்லாமலேயே வென்றது. மேசைமேல் எல்லாப் படையும் எல்லாருக்கும் தெரியும்படி நிற்பதால் இந்த அனுபவம் கிடைக்காது. நடுவர் ஒருவர் தனி வரைபடத்தில் இரவு நடையை நகர்த்தி, பிரிவுகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை விடிந்தபின்தான் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் கீழே மாடு இருக்கிறது. 1791 மே மாதக் கடைசியில் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் எதிரே இருந்து திரும்பியபோது தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுப் போனார். இழுக்க மாடு இல்லை, இருந்தவை தீவனமின்றிச் சாய்ந்துகொண்டிருந்தன. மறுபக்கம் மைசூர் அரசர்கள் காலத்திலிருந்தே போற்றி வளர்த்த மாட்டுமந்தைகளை ஹைதர் படைக்கென்றே பயன்படுத்தினார்; திப்பு அந்தத் துறைக்கு அம்ருத் மஹால் என்று பெயரிட்டார். அந்த மாடுகளின் துணையால் ஹைதர் சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தார் என்பது பழைய குறிப்புகளில் திரும்பத்திரும்ப வரும் செய்தி. படை அமைப்பைப் படிக்கிறவர்கள் சிப்பாயோடு நின்றுவிடக் கூடாது. ஒரு பீரங்கிக்கு எத்தனை ஜோடி மாடு, எத்தனை லஸ்கர் (பீரங்கித் தொழிலாளர்), எத்தனை வண்டி என்று தேடத் தொடங்கும்போதுதான் அந்தப் படை உண்மையான படையாகத் தெரியும்.

ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டிய ஆயுதம். 2018இல் சிவமொக்கா மாவட்டத்தில், பழைய பிதனூரான நகரா பகுதியில், தூர்ந்துபோன கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்கள் எடுக்கப்பட்டன. இரும்புக் குழாய் வேலை தெரிந்த உங்களுக்கு அந்தச் செய்தி மற்றவர்களைவிட அதிகம் பேசும். ஆட்டத்தில் அதை நவீன ஏவுகணை ஆக்கிவிடாதீர்கள். அது எங்கே போய் விழும் என்பது விட்டவருக்கே நிச்சயமில்லை. நெருங்கி நிற்கும் குதிரைகளையும் மாடுகளையும் கலைப்பதில்தான் அதன் பலம்.

படிக்க எதை எடுப்பது? டபிள்யூ. ஜே. வில்சன் 1880களில் பல தொகுதிகளாக எழுதிய மதராஸ் படை வரலாறு பட்டாலியன் பட்டாலியனாகப் போகிறது. மார்க் வில்க்ஸின் மைசூர் வரலாறும், 1793இல் வந்த அலெக்சாண்டர் டைரமின் போர்க்குறிப்பும் காரன்வாலிஸ் நடத்திய போரை அறிய அடிப்படை. திப்புவின் கடிதங்களை 1811இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கிர்க்பாட்ரிக், அவருடைய கவாத்து நூலைப் பற்றியும் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறார். எல்லாம் வென்றவர்களின் பேனா என்பதை மறக்காமல் படியுங்கள். வீரத்தையும் கோழைத்தனத்தையும் பற்றி அவர்கள் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு, எண்ணிக்கை, நேரம், தூரம் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்கு வெளியே செய்ய வேண்டியதும் உண்டு. வாரவிடுமுறையில் ஷெட் வாசலிலோ பக்கத்து மைதானத்திலோ இருபத்து நான்கு பேர் கூடுங்கள். இரண்டு வரிசை, முன்னால் பன்னிரண்டு பேர். தரையில் சுண்ணாம்பால் 56 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. மொத்த அகலம் 6 மீட்டர் 70 சென்டிமீட்டர். போனில் மெட்ரோனோமை 75இல் வைத்து நடங்கள். ஐடிஐயிலோ கல்லூரியிலோ என்சிசியில் இருந்தவர்கள் கட்டளை கொடுக்கட்டும். ஆனால் இன்றைய கவாத்தில் கைநீட்டி இடைவெளி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முழங்கை தொட வேண்டும். வழியில் இரண்டு டிரம்மோ ஒரு டெம்போவோ நிற்கட்டும். வரிசை அதைச் சுற்றி எப்படிக் குலைகிறது, மறுபடி சேர எத்தனை நொடி ஆகிறது என்று ஒருவர் நேரம் குறிக்கட்டும். நடுவில் இருவரைத் தொட்டு, விழுந்ததாகச் சொல்லி உட்காரவையுங்கள். ஹவில்தார் பின்னால் நின்று அந்த இடைவெளியை மூடவைக்கும் வேலை எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரியும். துப்பாக்கிக்குப் பதில் ஒரு மூங்கில் குச்சி போதும். மருந்திடும் அசைவுகளை வரிசையாகச் செய்துபார்த்தால் இருபது நொடி என்பது எவ்வளவு நீளம் என்று கைக்கே விளங்கும். பெண்களையும் அழையுங்கள். கணக்கும் கட்டளையும் ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

கவாத்து மனிதர்களை ஆளும் கருவியாகவும் இருந்தது என்பதை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது புதிய தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய ஆணைகளால் மூண்ட கோபத்தில். அன்று காலை நடக்கவிருந்த கவாத்துக்காக முந்தின இரவு பலர் கோட்டைக்குள்ளேயே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். சீருடையின் ஒரு பட்டனை வண்ணமடிக்கும்போதும் அதை உடுத்த மறுத்தவர்கள் இருந்தார்கள் என்ற நினைவு இருக்கட்டும்.

முதல் ஆட்டத்துக்கு 1791 மார்ச் 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காரன்வாலிஸின் ஆட்கள் பேட்டையைப் பிடித்தபின், அதே நாளில் திப்பு அதை மீட்கப் பெரிய காலாட்படையை அனுப்பினார். சந்துகளில் சண்டை நடந்து, மைசூர்ப் படை பெரிய இழப்போடு பின்வாங்கியது. பேட்டையின் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. சிக்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, அவென்யூ ரோடு, பளேபேட்டை, காட்டன்பேட்டை என்று டேப்போடு நடந்து அகலம் எடுங்கள். தெரு ஆறு மீட்டர் என்றால் முன்வரிசையில் பத்துப் பேர். எண்ணூறு பேர் பட்டாலியனில் சுட முடிந்தவர்கள் இரண்டு வரிசை சேர்த்து இருபது பேர். 1,056 மஸ்கட்டுக்கும் அதே இருபதுதான். குஷூனின் அகலம் அங்கே பயனற்றது, சுழற்சி பயனற்றது, முனையில் நிற்கும் நாயக்கும் தஃபேதாரும்தான் தளபதிகள். அதற்கேற்ப விதி எழுதுங்கள்: தெருவுக்குள் கட்டளை பட்டாலியனுக்கு அல்ல, கம்பெனிக்கும் ஜௌக்குக்கும். நடுவராக ஒருவர் தனியே உட்காரட்டும். தெரு அகலங்களை எழுதிய தாள் அவரிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
பேட்டைத் தெருக்களில் உங்களோடு டேப் பிடிக்கக் காத்திருக்கும் ஒருவர்